படவிளக்கத்தில் இருந்த விடை

பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. ஓய்வு பெற்றுப் பம்பாய்ச் செம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் நடக்கப் போகிறேன், சாயங்காலம் கோவிலுக்குப் போகிறேன், நடுவில் மீதமிருக்கும் பொழுதெல்லாம் கோபப்படுகிறேன். யார்மேல் கோபம், எதற்காகக் கோபம் என்பதைத்தான் என்னால் எழுத முடியும். படித்துவிட்டு வேலையை விட்டு ஓடிவிடாதீர்கள்.

நீங்கள் பார்க்கப்போவது என்ன வேலை என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டில் கடைசிவரை ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன்’ என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றும் பாடங்களைக் கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் பயன்படுத்தும்படி ஆக்கித் தருவது நம் வேலை. கண் தெரியாத மாணவரின் கணினியில், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கும். எழுத்தைத்தான் அதற்குப் படிக்கத் தெரியும். படமோ வரைபடமோ வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். அதைப் படவிளக்கம் என்போம். அதை எழுதுவது எத்தனை கஷ்டம் என்பதை நான் ஒரு பெண்ணால் தெரிந்துகொண்டேன். அவள் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அவள் பெயர் நஸ்ரீன். சீத்தா கேம்ப்பில் வீடு. பிறவியிலேயே பார்வை கிடையாது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம் என்றாலும் அவள் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள். வாப்பா ஒரு பட்டறையில் பை தைக்கிறவர். எங்கே போனாலும் உம்மாவும் கூட வருவாள். ஷேர் ஆட்டோவில் மான்குர்த் வந்து, ஹார்பர் லைன் ரயிலில் இடிபட்டு இரண்டு பேரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்வார்கள். வந்த நாளெல்லாம் ஒரு புகார் இருக்கும்.

“மேடம், நாலாவது பாடத்துல டேபிள் தலைகீழா படிக்குது. வருஷத்தைக் கடைசியில சொல்லுது” என்பாள். “ஏழாவது பாடத்துல படத்துக்குப் ‘படம்’னு மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. படம்னு எனக்கே தெரியும் மேடம்.”

எங்கள் பிரிவில் சிலருக்கு அவள் வந்தாலே தலைவலி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய சோதனையை எங்களுக்காக அவள் சும்மா செய்து கொடுத்தாள். அவள் சொல்லித் திருத்திய பாடங்களை இன்றைக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பி.ஏ. கடைசி வருடத்தில் அவளுக்குப் பொருளாதாரத் தாள் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. பி.எட். நுழைவுத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். கல்லூரியில் இடமும் ஒதுக்கிவிட்டார்கள். சேர்க்கை முடிவதற்குள் பட்டம் வாங்கிய மதிப்பெண் பட்டியலைக் காட்டினால் டீச்சருக்குப் படிக்கலாம். காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இந்தத் தாளைத் தேறினால் எல்லாம் உண்டு, தவறினால் எதுவும் இல்லை என்ற நிலை.

அந்த வருடம்தான் கண் தெரியாத மாணவர்களுக்குக் கணினியிலேயே வினாத்தாள் கொடுக்கலாம் என்று ஒப்புதல் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் வினாத்தாளைப் படித்துக்காட்டி, சொல்வதை எழுத ஒரு ஆளை உட்கார வைப்பார்கள். நாங்கள் பல வருடம் நடையாக நடந்து வாங்கிய ஒப்புதல் அது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை போட்டார்கள். வினாத்தாள் ரகசியம், ஆகவே தேர்வு முடியும்வரை எங்கள் பிரிவில் யாரும் அதைப் பார்க்கக் கூடாது. அப்படியானால் வரைபடங்களுக்கு விளக்கம் யார் எழுதுவது என்று கேட்டேன். வினாத்தாளைத் தயாரிக்கும் பேராசிரியரே எழுதுவார் என்றார்கள். பூட்டிய அறையில், போனை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கத்தை மட்டுமாவது எங்களில் ஒருவருக்குக் காட்டுங்கள் என்று எழுத்திலும் கேட்டேன், நேரிலும் கேட்டேன். கொள்கை முடிவு என்றார்கள். விளக்கம் எழுதத் தெரிந்தவர்கள் தாளைப் பார்க்கக் கூடாது, தாளைப் பார்ப்பவர்களுக்கு விளக்கம் எழுதத் தெரியாது. இதற்குப் பெயர் கொள்கை.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் தேர்வு நடந்தது. கண் தெரியாத மாணவர்கள் நாலைந்து பேர் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார்கள். கணினி மக்கர் செய்தால் கவனிக்க நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் ஒருவர் வாசலருகில் இருந்தார். பாதித் தேர்வு நல்லபடியாகவே போனது. இத்தனை வருட நடைக்குப் பலன் கிடைத்துவிட்டதென்று எனக்குக் கண் கலங்கியதைக்கூடச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நஸ்ரீன் கையைத் தூக்கினாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“மேடம், இந்தப் படத்துக்கு எழுதியிருக்கறதுல ஆன்ஸரும் சேர்ந்து வருது.”

ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தேன். அரசு ஒரு பொருளுக்கு விலை நிர்ணயிக்கும்போது சந்தையில் என்ன நடக்கும், வரைபடத்தைக் கொண்டு காரணத்தோடு விளக்குக என்பது கேள்வி. நிறைய மதிப்பெண்ணுக்கான கேள்வி. படவிளக்கம் சொன்னது இது: அரசு வைத்த விலை சமநிலை விலைக்குக் கீழே இருப்பதால், வாங்க வருவோர் அதிகமாகி, விற்க வருவோர் குறைந்து, பொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்படுவதை இப்படம் காட்டுகிறது.

பேராசிரியர் நல்ல மனிதர். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று எப்படிப் புரிய வைப்பாரோ அப்படியே எழுதிவிட்டார். பார்க்க முடியாத பிள்ளைகளுக்குப் படம் புரியாமல் போய்விடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதினேன் என்று பின்னால் என்னிடம் அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலை தெரியாதவன் அலட்சியத்தால் செய்யும் தவறைக் கண்டுபிடித்துவிடலாம். அன்பால் செய்யும் தவறு தேர்வு அறைவரை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மற்ற பிள்ளைகள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் காதிலும் அதேதான் விழுந்திருக்கும். யாரும் கையைத் தூக்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிக்கக் கிடைத்த பாடங்களில் பாதி வாயே திறக்காமல் இருந்தபோது பொறுத்துக்கொண்டவர்கள், ஒரு கேள்வி கொஞ்சம் கூடுதலாகப் பேசியதைப் போய் முறையிட வேண்டும் என்று சட்டமா என்ன?

“நீ அந்தக் கேள்வியை இப்போதைக்கு விட்டுடு. மத்ததை எழுது. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“நான் சொன்னது சரிதானே மேடம்?”

“ரொம்பச் சரி.”

வேலை நேரத்தில் நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது செய்தது இதுதான். ஒரு தாளை எடுத்துப் புதிய விளக்கம் எழுதினேன். நிற்கும் கோட்டில் விலை, படுக்கும் கோட்டில் அளவு. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு தேவை, ஏறும் கோடு அளிப்பு. இரண்டும் ஓரிடத்தில் வெட்டுகின்றன. அந்த இடத்துக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு, அதன் பெயர் அரசு விலை. அவ்வளவுதான். கண்ணுள்ள மாணவன் தாளைப் பார்த்ததும் அவன் கண்ணில் படுவது இவ்வளவுதான், அதற்குமேல் அவன் யோசிக்க வேண்டும். கண் பார்ப்பதைக் கொடுங்கள், யோசனையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நான் இத்தனை வருடத்தில் கற்றதில் உங்களுக்கு உருப்படியாகத் தரக்கூடியது இது ஒன்றுதான்.

தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, இதை மாற்ற அனுமதி கேளுங்கள், ஐந்து நிமிட வேலை, எல்லோருக்கும் அந்த நேரத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் போன் செய்தார். தேர்வுப் பிரிவின் அதிகாரி தானே கிளம்பி வந்தார். நான் எழுதிய தாளை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“பேப்பர் ஃபுட்லா” என்றார் மேற்பார்வையாளரிடம். வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டால் மராத்தியில் சொல்லும் வார்த்தை அது.

“சார், பேப்பர் எங்கேயும் வெளியாகலை. ஒரு படத்துக்கு விளக்கம் தப்பா இருக்கு. மாத்திட்டாப் போதும்” என்று ஹிந்தியில் சொன்னேன்.

“மேடம், ஆப் பீச் மே மத் ஆயியே” என்றார். குறுக்கே வரவேண்டாமாம். தேர்வுப் பிரிவுக்கு நான் யார்?

எல்லோருடைய தேர்வையும் அங்கேயே நிறுத்தச் சொன்னார். கணினிகளை அணைத்தார்கள். பாதி வாக்கியத்தில் இருந்த பிள்ளைகள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். நஸ்ரீன் எழுந்து நின்றாள்.

“சார், மைனே ஹி போலா தா. நான்தான் சார் சொன்னேன்” என்றாள். எந்த பாஷையில் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டாள். அதிகாரி அவள் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டார்.

அம்மாவையும் மகளையும் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தார்கள். தோசை வந்தது, ஆறியது. நஸ்ரீன் தொடவில்லை.

“இவ சின்னதுலேர்ந்தே இப்படித்தாம்மா” என்றாள் உம்மா. “பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்து எப்படியிருக்குன்னு கேட்டா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவேன்னா கேக்க மாட்டா. எனக்குக் கண்ணு தெரியாதுல்லா, நான் எப்படிச் சொல்லுததும்பா.”

நான் சிரித்துவிட்டேன். உம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உண்மைய சொன்னதுக்கா இம்புட்டு?” என்றாள்.

எல்லாம் சரியாகும், மறுதேர்வு வைப்பார்கள் என்றேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். நானும் போய்ப் பேசினேன். ரகசியம் என்று எங்களைத் தள்ளி வைத்ததால்தான் இது நடந்தது, இனிமேலாவது விளக்கங்களை எங்களில் ஒருவர் பார்க்கட்டும், வசதியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். கடைசியில் ஒருவர் என்னைப் பார்த்து, “அந்தப் பெண் பேசாமல் இருந்திருந்தால் இவ்வளவு பிரச்சினை வந்திருக்காது, இல்லையா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒருவர்கூட அவரைத் திருத்தவில்லை.

கணினியில் வினாத்தாள் கொடுப்பது மாணவர்களின் நலன் கருதி நிறுத்தப்பட்டது. மறுதேர்வு வைத்தார்கள், பி.எட். சேர்க்கை முடிவதற்குள் முடிவு வந்துவிடும் என்ற ஆறுதலும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை பழையபடி, படித்துக்காட்டி எழுத ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. பதினொன்றாவது படிக்கும் பெண் ஒருத்தியை அனுப்பினார்கள். என்னை அறைக்குள் விடவில்லை. நடந்ததை நஸ்ரீன் அன்று மாலை போனில் சொன்னாள்.

மறுபடியும் ஒரு வரைபடக் கேள்வி வந்திருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

“கோடு இருக்கு தீதி” என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். “ரெண்டு கோடு. இல்ல, மூணு.”

“மூணாவது கோடு எங்க இருக்கு? மேலயா, கீழயா?”

“எதுக்கு மேல?”

“ரெண்டு கோடும் வெட்டுற இடத்துக்கு.”

அந்தப் பெண் விரலை வைத்துப் பார்த்துச் சொல்வதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். தாளில் உள்ள எழுத்தைப் படிக்க மட்டும்தான் அனுமதி, படத்தைப் பற்றி இருவரும் பேசக் கூடாது என்று அதட்டியிருக்கிறார். படத்தைத் தவிர அந்தக் கேள்வியில் வேறு ஒன்றும் இல்லை. அப்படி இன்னும் ஒன்றிரண்டு கேள்விகள்.

“மேலேன்னா ஒரு ஆன்ஸர், கீழேன்னா ஒரு ஆன்ஸர் மேடம். ரெண்டும் எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள். “எது இருக்குன்னுதான் தெரியல.”

போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். என்ன எடுக்க வந்தேன் என்று தெரியவில்லை. எத்தனையோ வருடம் கழித்துத் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவள் தவறிவிட்டாள். சொற்ப மதிப்பெண்தான் குறைந்தது. மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டதில் ஒன்றும் மாறவில்லை. பி.எட். இடம் வேறொருவருக்குப் போனது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் அவளோடு பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை எழுது, நான் கூடவே இருக்கிறேன் என்று போன் செய்யும்போதெல்லாம் சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்பாள். பிறகு போனை உம்மாதான் எடுத்தாள். “அவ இப்ப வீட்டுலதாம்மா இருக்கா. போனைக் காதுல வெச்சுக்கிட்டு மத்த பிள்ளைகளுக்கு அது இதுன்னு சொல்லிக் குடுக்கா. பரீட்சைன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிருதா” என்றாள். ஒரு தடவை சீத்தா கேம்ப்புக்கே போனேன். மகள் தூங்குகிறாள் என்றாள். தூங்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவுக்குப் புகார்கள் குறைந்தன. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஆண்டறிக்கையில் ‘கற்றல் பொருட்கள் குறித்து மாணவர்களிடமிருந்து புகார் ஏதும் இல்லை’ என்று எழுதினார்கள். மேடையில் கைதட்டினார்கள், எனக்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். உங்களிடமும் அந்த அறிக்கையைக் காட்டுவார்கள். காட்டும்போது சந்தோஷப்படாதீர்கள். கணினி முன்னால் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு பாடத்தை முழுதாகக் கேளுங்கள். பிள்ளைகள் வரமாட்டார்கள். நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். போனாலும் சொல்வார்களா என்பது சந்தேகம்தான்.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், ஓய்வு பெறும் வருடத்தில் தாராவியிலிருந்து ஒரு மாணவன் அடையாள அட்டை வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தான். முதல் வருடம், பார்வை கிடையாது. பாடமெல்லாம் ஒழுங்காகப் படிக்கிறதா என்று கேட்டேன்.

“எல்லாம் டீக் இருக்கு மேடம். ஒரு ப்ராப்ளமும் இல்ல.”

எனக்கு என்னவோ போலிருந்தது. அவனுடைய வரலாற்றுப் பாடத்தை என் கணினியில் திறந்து ஓட விட்டேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தியாக அச்சிட்ட புத்தகம் அது. மென்பொருள் இடது பத்தியின் முதல் வரியைப் படித்து, அதோடு வலது பத்தியின் முதல் வரியை ஒட்டி, பிறகு இரண்டாவது வரிக்குப் போனது. ஒரு வாக்கியத்துக்கும் தலையும் இல்லை, காலும் இல்லை. நான் நிறுத்தப் போனேன். பக்கத்தில் அந்தப் பையன் உதட்டை அசைத்து அதே வரிகளை அதே வரிசையில் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான். மனப்பாடம் செய்திருந்தான்.

“இது உனக்குப் புரியறதா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம்.”

“புரியலைன்னா ஏன் எங்ககிட்ட வந்து சொல்லலை?”

அவன் தயங்கினான். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். யாரும் இல்லை என்றேன்.

“எங்க குரூப்ல நஸ்ரீன் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. புதுசா வர்ற எல்லார்கிட்டயும் சொல்வாங்க. ஆபீஸ்ல போய் எதுவும் கம்ப்ளெயின்ட் பண்ணாதீங்க, இருக்கறதையும் எடுத்துருவாங்கன்னு.”

அவனை உட்கார வைத்து, பத்திகளைப் பிரித்து, முதல் பாடத்தை மட்டும் சரிசெய்து ஓட விட்டேன். அவன் முழுசாகக் கேட்டான். ரொம்ப தேங்க்ஸ் மேடம் என்றான். பிறகு எழுந்து, கதவுவரை தடவிப் போய், அங்கிருந்து திரும்பினான்.

“மேடம், நான் சொன்னேன்னு மட்டும் நஸ்ரீன் அக்காகிட்ட சொல்லிறாதீங்க” என்றான். “அவங்க பயந்துருவாங்க.”